கால் விரலைப் பார்க்க ஆள் இல்லை!

சென்னையில் ஒரு வீட்டில் யாருக்காவது கை கால் முறிந்துவிட்டால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "பேசாம புத்தூர் கட்டு போட்டுடலாம், ஆபரேஷன் கீபரேஷன்னு போனா லட்சக்கணக்குல தீட்டிடுவாங்க" என்பது ஒரு கட்சி. "படிச்சவங்க பேசற பேச்சா இது? இறுக்கிக் கட்டி காலையே அழுக வச்சிடுவான். நல்ல ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பது இன்னொரு கட்சி. மயிலாப்பூரானாலும் தி.நகரானாலும் அடையாறானாலும் இந்தச் சண்டை மாறாது. பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை போனில் தீர்ப்பு சொல்லி முடித்து வைப்பார்.

இரண்டு கட்சியும் பேசுவது கட்டைப் பற்றித்தான். யார் கட்டுவது, எதை வைத்துக் கட்டுவது, எவ்வளவு செலவாகும்.... கட்டிய பிறகு அன்றைக்கு ராத்திரி, கட்டுக்குக் கீழே வெளியில் தெரிகிற ஐந்து விரல்களை யார் பார்ப்பது என்று இரண்டு கட்சியில் ஒருவரும் கேட்பதில்லை.

புத்தூர் கட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு பொய்யில்லை. ஆந்திராவில் திருப்பதி போகிற வழியில் இருக்கும் புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வாங்கிய ஊர். ஆனால் அந்த ஊர்ப் பெயரை போர்டில் எழுதிக்கொண்டு சென்னையில் கட்டுப் போடுகிறவர்களில் யார் அங்கே தொழில் கற்றவர், யார் போர்டு மட்டும் எழுதியவர் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மேலே துணி. முறிந்த இடம் முதல் இரண்டு நாள் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, கடைசியில் காலை எடுக்கிற நிலைமையில் வந்து சேர்ந்த நோயாளிகளின் கதையை எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆனால் இறுக்கமான கட்டு நாட்டு வைத்தியத்தின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு 2022 நவம்பரில் பதில் கிடைத்தது.

மயிலாப்பூர் கடற்கரைச் சாலையில் உள்ள ராணி மேரி கல்லூரியில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்த 17 வயது மாணவி. கால்பந்து வீராங்கனை. பெயரைத் திரும்ப எழுத வேண்டிய அவசியமில்லை, தமிழ்நாட்டுக்கே தெரியும். முழங்காலில் ஜவ்வு கிழிந்ததற்காக நவம்பர் 7-ஆம் தேதி வடசென்னையில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோப்பி செய்தார்கள். சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், உலகமெங்கும் தினமும் நடப்பது. மறுநாளே காலில் பிரச்சினை என்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். சிறுநீரகத்தில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழந்து 15-ஆம் தேதி காலை அந்தப் பெண் இறந்துபோனார். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கசியாமல் இருக்கப் போட்ட அழுத்தக் கட்டு மிகவும் இறுகி இருந்ததால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுவிட்டது என்று சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் அப்போது சொன்னார். இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், ஒருவருக்கு அரசு வேலையும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டி.வி.யில், பத்திரிகையில், டீக்கடையில் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. கட்டு. எவ்வளவு இறுக்கம், யார் கட்டினார், ஏன் அவிழ்க்கவில்லை. கட்டுவது ஒரு நிமிட வேலை. அது காலைக் கொல்ல மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிகளைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், எலும்பு வார்டில் ஆபரேஷன் முடிந்து வந்த காலை முதல் ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கத் தனியாக ஒரு ஆள் இருக்கிறாரா? இந்தக் கேள்வி சட்டசபைக்கும் போகவில்லை, டீக்கடைக்கும் போகவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் வோன் வோல்க்மான் என்ற சர்ஜன், இறுக்கமான கட்டினால் தசைக்கு ரத்தம் போகாமல் கை சுருங்கிப் போவதை 1881-லேயே எழுதிவைத்துவிட்டார். இன்றும் அந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான். 140 வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயத்துக்கு ஒரு கல்லூரி மாணவி உயிரைக் கொடுத்தார் என்றால், குறை அறிவில் இருக்க முடியாது. அந்த அறிவைப் படுக்கை ஓரத்துக்குக் கொண்டுபோகிற ஆளில்தான் இருக்க வேண்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? காலில் உள்ள தசைகள் மொத்தமாக ஒரே பொதியாக இல்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் நான்கு அறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் விரிந்து கொடுக்காத உறைக்குள் இருக்கிறது. தலையணை உறைக்குள் அளவுக்கு மீறிப் பஞ்சைத் திணித்த மாதிரி. அடிபட்டு உள்ளே வீக்கம் வந்தாலும், வெளியே கட்டு இறுக்கினாலும், இரண்டும் சேர்ந்தாலும், அறைக்குள் அழுத்தம் ஏறும். முதலில் நசுங்குவது மெல்லிய ரத்தக் குழாய்கள். நரம்பும் தசையும் பட்டினி கிடக்கும். ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் தசை பிழைப்பது கஷ்டம் என்பது பொதுவான கணக்கு. செத்த தசையிலிருந்து கசிவது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும். காலில் போட்ட கட்டு உயிரை எடுப்பது இந்த வழியில்தான். ஆங்கிலத்தில் இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். நர்சிங் படிக்கிற எந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டாலும் இதன் அறிகுறிகளை 'பி' எழுத்தில் தொடங்கும் ஆறு வார்த்தைகளாக ஒப்பிப்பாள். வலி, வெளிறுதல், நாடி இல்லாமை, மரத்துப் போதல், அசைக்க முடியாமை, சில்லிடுதல்.

ஒப்பிப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஆறையும் ஒரே வரிசையில் மனப்பாடம் செய்தால் ஆறும் ஒரே எடை என்று தோன்றும். உண்மையில் பாதத்தில் நாடி கிடைக்கவில்லை என்பது கடைசியில் வரும் அறிகுறி. அது வரைக்கும் காத்திருந்தவர் காலை இழந்தவர். அறைக்குள் அழுத்தம் ஏறி தசை செத்துக்கொண்டிருக்கும்போதே பாதத்தில் நாடி நன்றாக அடிக்கலாம், விரல் சிவப்பாகவே இருக்கலாம். முதலில் வருவது வலி. அதுவும் சாதாரண வலி கிடையாது. ஆபரேஷன் அளவுக்குப் பொருந்தாத வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, நோயாளி சும்மா இருக்கும்போது நர்ஸ் கட்டை விரலை மெதுவாக மேலே நிமிர்த்தினாலே அலறுகிற வலி. அடுத்தது மரத்துப் போவது. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மீதி நான்கும் வரவே வேண்டாம்.

இதைப் பிடிக்க மெஷின் எதுவும் தேவையில்லை. இரண்டு காலையும் போர்வை விலக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நல்ல கால்தான் அளவுகோல். புறங்கையால் இரண்டையும் தொட்டு எது சில்லென்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டு வெளுத்தது இரண்டு மூன்று விநாடிக்குள் சிவக்கிறதா என்று எண்ண வேண்டும். பாதத்தின் மேலே நாடி. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஒரு முக்கியமான நரம்பின் தனி ராஜ்யம் அது. விரலை மேலே தூக்கச் சொல்ல வேண்டும், கீழே அழுத்தச் சொல்ல வேண்டும். பிறகு எழுத வேண்டும், நேரம் போட்டு. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், கட்டைத் தோல் வரைக்கும் வெட்டித் தளர்த்த வேண்டும், காலை இதய மட்டத்திலேயே வைக்க வேண்டும். வீக்கம் என்றால் தலையணை வைத்து உயர்த்துவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இந்த ஒரு நிலைமையில் மட்டும் உயர்த்தினால் வருகிற கொஞ்ச ரத்தமும் வராமல் போகும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரு ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும். மொத்தமாக ஒரு காலுக்கு ஐந்து நிமிடம்.

முதல் நாள் மணிக்கு ஒரு தடவை இப்படிப் பார்க்க வேண்டும். இப்போது கணக்குப் போடலாம். இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். 40 படுக்கை வார்டில் ராத்திரி இரண்டு நர்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் தலையில் 20 பேர். அதில் 12 பேர் அன்றைக்குக் கட்டுப் போட்டவர்களாக இருந்தால், ஒரு சுற்று முடிய 60 நிமிடம். அதாவது அந்த நர்ஸ் ஒருவருக்கும் ஊசி போடக் கூடாது, டிரிப்ஸ் மாற்றக் கூடாது, புது அட்மிஷன் எடுக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. அப்படி ஒரு நர்ஸ் உலகத்தில் கிடையாது. ஆகவே என்ன நடக்கும்? விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராத்திரி முழுக்க உள்ள கட்டங்கள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் நிரம்பும். எல்லாக் கட்டத்திலும் 'நார்மல்'. கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கிற பெரிய டாக்டருக்கும் இது தெரியும். சுத்தமாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இந்தப் பொய்க்கு அந்த நர்ஸை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. எட்டு மணி நேரத்தில் பன்னிரண்டு மணி நேர வேலையை வாங்க நினைக்கும் நிர்வாகம்தான் அந்தக் கட்டங்களை நிரப்புகிறது. நர்ஸின் கை சும்மா கருவி.

தேனாம்பேட்டை அண்ணா சாலையில் டி.எம்.எஸ். வளாகம் இருக்கிறது. தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே, மாநிலத்தின் மருத்துவத் துறை உட்கார்ந்திருக்கும் இடம். 2017 நவம்பர் கடைசியில் அந்த வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் தரையில் உட்கார்ந்தார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். தி.நகரில் துணிக்கடை விற்பனைப் பெண்ணோடு போட்டி போடுகிற தொகை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். விஷயம் ஹைகோர்ட் வரை போய், போராட்டம் முடிவுக்கு வந்தது. மறு வருடம் சம்பளம் 14,000 ஆனது. அப்போது அந்த வழியாக பஸ்ஸில் போனவர்களில் பெரும்பாலோர் "இவங்களும் ஸ்ட்ரைக் பண்ண ஆரம்பிச்சாச்சா, டிராஃபிக்கைப் பாரு" என்றுதான் முணுமுணுத்திருப்பார்கள். தன் கால் விரலைப் பார்க்க வேண்டியவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் மாநில அரசு ஒரு திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். நல்ல திட்டம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த 48 மணி நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் போதும். முறிந்த கால் வீங்குவதும் தசை அறைக்குள் அழுத்தம் ஏறுவதும் பெரும்பாலும் அதே 48 மணி நேரத்துக்குள்தான். ஸ்கேனுக்கு விலை போட முடியும், உள்ளே வைக்கும் ராடுக்கு விலை போட முடியும், தியேட்டருக்கு விலை போட முடியும். ஒரு பெண் 48 தடவை வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவதற்கு எந்தத் தலைப்பில் விலை போடுவது என்று கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்கு பில் கிடையாது! தனியார் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். அங்கே பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை நர்ஸ், அவர்கள் பதிவு பெற்றவர்களா, பயிற்சியில் இருக்கும் மாணவிகளா என்று யாரும் கேட்பதில்லை. ஏ.சி. ரூமுக்கும் ஏ.சி. இல்லாத ரூமுக்கும் வித்தியாசம் கேட்பார்கள்.

இன்னொரு கோளாறு பாஷையில் இருக்கிறது. தமிழில் வலிக்கு இருக்கிற சொற்கள் கொஞ்ச நஞ்சமில்லை. கடுக்குது, குடையுது, குத்துது, இழுக்குது, பிடிச்சுக்கிச்சு, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு இருக்கு, எரியுது, மதமதன்னு இருக்கு, மரத்துப் போச்சு. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். குடைவது எலும்பு, இழுப்பது தசை, எரிவது பல சமயம் நரம்பு. எழுத்தறியாத பாட்டிகூட இதில் தப்பே செய்ய மாட்டாள். கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நர்சிங் படிக்கும் பெண் இதையெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கிறாள், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறாள், வார்டில் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறாள். "சிஸ்டர், கால் மதமதன்னு இருக்கு" என்று நோயாளி சொன்னது கேஸ் ஷீட்டில் 'வலி இருப்பதாகச் சொல்கிறார்' என்று ஆங்கிலத்தில் இறங்கும். மரத்துப் போகிறது என்ற மிகப் பெரிய எச்சரிக்கை, வெறும் வலியாகி, வலிக்கு ஒரு ஊசியாகி, ஊசியில் தூங்கிப் போகும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்கள் என்பது இன்னொரு சடங்கு. ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அடிபட்டு வந்த ஒரு கட்டடத் தொழிலாளியிடம் போய் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அவர் டாக்டர் என்ன எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்வார். "நேத்து ராத்திரியை விட இப்ப ஜாஸ்தியா? ஊசி போட்டப்புறம் கொஞ்சமாவது விட்டுச்சா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். இந்தக் கேள்விகள் எந்தப் பாடத்திட்டத்திலும் தமிழில் அச்சாகி வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பின்னங்காலில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பாதத்தை மடக்கிப் பார்க்கும் ஹோமன்ஸ் சோதனை நம்பத் தகுந்தது இல்லை என்று மருத்துவ உலகம் எப்போதோ ஒதுக்கிவிட்டது. அதை மட்டும் நர்சிங் கைடுகள் விடாமல் வைத்திருக்கின்றன.

இதற்கெல்லாம் வழக்கமாக ஒரு மறுப்பு வரும். "எலும்பு விஷயம் டாக்டர் வேலை. நர்ஸ் சொன்னதைச் செய்தால் போதும்." இப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் துறையின் சரித்திரத்தைப் படிக்கவில்லை. தொடை எலும்பு முறிவுக்கு இன்றும் பயன்படும் தாமஸ் ஸ்பிளின்ட்டைச் செய்த ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்புக் கட்டுப் போட்ட குடும்பத்தின் பிள்ளை. புத்தூர்க்காரர்களின் சொந்தக்காரர் என்றே சொல்லலாம்! அவரிடம் தொழில் கற்ற ராபர்ட் ஜோன்ஸ் பிரிட்டனில் எலும்பு மருத்துவத்தைத் தனித் துறையாக்கினார். அந்த ஜோன்ஸ் யாரோடு சேர்ந்து வேலை பார்த்தார்? ஆக்னஸ் ஹன்ட் என்ற நர்ஸோடு. சிறு வயதிலேயே இடுப்பு மூட்டு நோயால் நொண்டியானவர். 1900-ல் பாஸ்சர்ச் என்ற கிராமத்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். லிவர்பூலிலிருந்து சர்ஜன் அங்கே வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போனார். மீதி நாளெல்லாம் அந்தக் குழந்தைகளின் கை கால்களைப் பார்த்துக்கொண்டது நர்ஸுகள். இன்றும் பிரிட்டனில் ஒரு பெரிய எலும்பு மருத்துவமனைக்கு இரண்டு பேர் பெயரும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சென்னையில் எந்த எலும்பு மருத்துவமனை வாசலில் ஒரு நர்ஸின் பெயர் இருக்கிறது?

"சொன்னதைச் செய்" என்ற வழக்கத்தினால் வருகிற நஷ்டம் பெரியது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டூட்டி டாக்டர் இன்னொரு கேஸில் இருக்கிறார். பெரிய டாக்டரை எழுப்பினால் திட்டு விழும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அடுத்த நாள் "அதிகப்பிரசங்கி" பட்டம். கட்டைத் தானே வெட்டினால் மெமோ. மூன்று பக்கமும் சுவர். நான்காவது பக்கத்தில் இருப்பது இன்னொரு வலி ஊசி. எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தாலும் இரண்டு வருடத்தில் சந்தேகப்படுவதையே நிறுத்திவிடுவாள். இதை மாற்றக் கோடி ரூபாய் வேண்டாம். இந்த அறிகுறி வந்தால் நர்ஸே கட்டைத் தளர்த்தலாம், பெரிய டாக்டரை நேரடியாக எழுப்பலாம், தவறான எச்சரிக்கைக்குத் தண்டனை கிடையாது என்று ஒரு பக்கத்தில் உத்தரவு அடித்து ஒவ்வொரு எலும்பு வார்டிலும் ஒட்டினால் போதும். பத்துத் தடவை வீணாக எழுப்பப்பட்ட டாக்டர் பத்து நாள் தூக்கம் இழப்பார். எழுப்பாத ஒரு ராத்திரியின் விலை 2022-ல் தெரிந்துவிட்டது.

"தசைக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி இருக்கிறதே, அதை வாங்கினால் ஆயிற்று" என்பவர்களும் உண்டு. வாங்கட்டும், நல்லது. ஆனால் அந்தக் கருவியை எந்தக் காலில், எத்தனை மணிக்குக் குத்த வேண்டும் என்று சந்தேகப்பட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? பீரோவில் பூட்டி வைத்த கருவிக்குச் சந்தேகம் வராது.

ஆஸ்பத்திரி போகட்டும். தென்சென்னையின் உண்மையான எலும்பு வார்டு வேறு இடத்தில் இருக்கிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் அடுக்குமாடிகளில் இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. பாத்ரூமில் வழுக்கி விழுந்த 80 வயது அம்மா. ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது, இடுப்பு எலும்பு என்று சொல்லி ஆபரேஷன் செய்து ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ. ஏஜென்சிக்கு போன் செய்து 'ஹோம் நர்ஸ்' வரவழைத்தாயிற்று. 12 மணி நேர டூட்டி ஒரு ரேட், 24 மணி நேர டூட்டி ஒரு ரேட். வந்தவர் நல்ல பெண்தான். வேலை இல்லாத ஊரிலிருந்து பிழைக்க வந்தவர், அம்மாவைக் குளிப்பாட்டுவார், கஞ்சி ஊட்டுவார், முகம் சுளிக்க மாட்டார். பல சமயம் நர்ஸ் மட்டும் இல்லை.

அதனால் என்ன என்று கேட்கலாம். அம்மா படுத்திருக்கும்போது கனமான கால் தானாக வெளிப்பக்கம் சாயும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு மெத்தையில் அழுந்தும். சில நாள் போனால் பாதம் மேலே தூக்காது, தொங்கிவிடும். தினமும் "பாதத்தை மூஞ்சிப் பக்கம் இழுங்கம்மா" என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கிறவர் முதல் நாளே கண்டுபிடிப்பார். குதிகாலில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு, அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் ஆரம்பம். தெரிந்தவர் அன்றைக்கே குதிகால் மெத்தையில் படாமல் தலையணையை மாற்றி வைப்பார். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பார். தெரியாதவர் பவுடர் போடுவார். ஒரு பின்னங்கால் மட்டும் பருத்து சூடாக இருந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைத் தைலம் தேய்த்து உருவிவிடுவது அன்பினால் செய்யும் காரியம்தான், ஆனால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் அன்பு உதவாது. செயற்கை மூட்டு வைத்தவர் தாழ்வான மணையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவம். "பாவம், வயசானவங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பது சென்னையின் பாசம். அந்தப் பாசத்தில் நுரையீரலில் சளி கட்டி எத்தனை பேர் போனார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. மரணச் சான்றிதழில் முதுமை என்று இருக்கும், இடுப்பு எலும்பு என்று இருக்காது.

அரசாங்கத்துக்கு இது தெரியாததில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வீட்டுக்கே வர வேண்டும் என்று வைத்தார்கள். எலும்பு, தசை நோயாளியைப் பார்க்க வீட்டுக்குப் படித்த ஆள் போக வேண்டும் என்ற கொள்கையை அரசே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மட்டும், யாரை வேண்டுமானாலும் 'நர்ஸ்' என்று சொல்லி அனுப்புவதை ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? போலி டாக்டரைப் பிடித்தால் பேப்பரில் போட்டோ வருகிறது. போலி நர்ஸ் என்ற வார்த்தையே தமிழில் புழக்கத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாநிலத்தில் யார் நர்ஸ் என்று பதிவு செய்து வைக்கும் அலுவலகம் மயிலாப்பூரிலேயே, சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். அதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. முறையாகப் படித்துப் பதிவு செய்த ஒவ்வொரு நர்ஸுக்கும் அங்கே ஒரு எண் உண்டு. அந்த அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய அடுக்குமாடிகளில்தான் பதிவு எண் இல்லாத 'ஹோம் நர்ஸ்'கள் இடுப்பு எலும்பு முறிந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் ஆதார் கேட்கிறார்கள், வாடகைக்கு விட்டால் வேலை பார்க்கும் கம்பெனியின் லெட்டர் கேட்கிறார்கள், தண்ணீர் கேன் போடுகிற பையனிடம்கூட எந்த கம்பெனி கேன் என்று கேட்கிறார்கள். அம்மாவின் காலைப் பார்க்க வருகிறவரிடம் பதிவு எண் கேட்டால் ஏஜென்சிக்காரர் கொஞ்சம் திகைத்துப் போவார். "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லையே சார்" என்பார்.